உகோன் தன் பேரைச் சொல்கிறான்

காகிதக் கதவில் பனிவெளிச்சம் பாலாகப் பரவியிருக்கிறது. அடியில் சூடேற்றிய கணப்பு மேசையின் போர்வைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, சாமுராய் சரித்திரத் தொடரின் கடைசிப் பாகத்தைப் படித்துக் காட்டுகிறாள் கியோனோ. கண் ஆபரேஷன் கட்டோடு மல்லாந்து கேட்கிறார் கணவர் தெய்ஜி. உரித்த ஆரஞ்சு மணக்கிறது. கதாநாயகன் உகோன் தன் பேர், தகப்பன் பேர், பாட்டன் பேர், கைப்பற்றிய கோட்டைகள் எல்லாம் முழங்காமல் வாளை உருவமாட்டான். "வாய் வலிக்காதா இந்தத் திமிர் பிடிச்சவனுக்கு?" என்று பாகத்துக்குப் பாகம் திட்டியவர் தெய்ஜி. இன்று உகோன் சாகப்போகிறான். ஆற்றங்கரை மூடுபனியில் தனியாக நிற்கிறான். கியோனோ அந்த முழக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டிவிட்டு, நேராக வாள்வீச்சுக்குப் போகிறாள்.

"நில்லு. அவன் இன்னும் பேரைச் சொல்லலையே?"

"நீங்க அலுத்துக்குவீங்களேன்னு தாண்டிட்டேங்க."

"பேரைச் சொல்லாம செத்தா எவனோ ஒருத்தன்தானே? பின்னாடி போ."

அவள் பக்கத்தைத் திருப்பி இடம் தேடுவதற்குள் தெய்ஜியின் உதடுகள் அசைகின்றன. தகப்பன், பாட்டன், ஒரு கோட்டைகூட விடவில்லை. கியோனோ புத்தகத்தை மடியில் கவிழ்த்துக்கொள்கிறாள். "நல்லாக் கேட்டுக்கோங்க, நான் உகோன்," என்கிறார் தெய்ஜி, அதே திமிரோடு, மிக மெதுவாக.