மூன்றாம் நம்பர்

“துருக்கியின் தலைநகரம் எது?” என்று டிவியில் கேள்வி வந்தது.

“இஸ்தான்புல்!” என்று சோபாவிலிருந்து முழங்கினார் ஸ்ரீரங்கன்.

“தெரியாது சார்” என்றான் மூன்றாம் நம்பர் போட்டியாளன், பளிச்சென்று.

“அங்காரா” என்றார் நடத்துபவர்.

“அதை எப்போ மாத்தினா?” என்றார் ஸ்ரீரங்கன். மகள் மஹதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு எது?”

“ஈரல்!”

“தெரியாது சார்” என்றான் மறுபடியும் மூன்றாம் நம்பர்.

“தோல்” என்றார் நடத்துபவர்.

“தோலெல்லாம் ஒரு உறுப்பா? அது போகட்டும், இவனைப் பாரு. வாயில வந்ததைச் சொல்லித் தொலைக்கப்படாதோ? இந்த அசட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

“டிவியை அணைங்கோ. மாம்பலத்துலேர்ந்து பொண்ணு பாக்க வர நேரமாச்சு” என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள் அவர் மனைவி ஜானு. ஜாதகம் பிரமாதமாகப் பொருந்தியிருந்தது. போட்டோ கேட்கும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை.

வாசல் மணி அடித்தது. ஸ்ரீரங்கன் கதவைத் திறந்தார். அப்பா, அம்மாவுக்கு நடுவே நின்றிருந்தான் மூன்றாம் நம்பர்.

“டிவி பார்த்தேளா மாமா? போன மாசம் எடுத்தது, இன்னிக்குத்தான் போடறா” என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சொஜ்ஜி, பஜ்ஜி ஆனதும் ஸ்ரீரங்கன் மகளை அடுக்களைக்கு அழைத்துக் கிசுகிசுத்தார்.

“வேண்டாம்னு சொல்லிடட்டுமா? பையனுக்கு ஒண்ணுமே தெரியலையேடி!”

“சரின்னு சொல்லுங்கோப்பா. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆம்பளையை இப்பத்தான் முதல்தடவையா பாக்கறேன்.”

“நானும்தான்” என்றாள் ஜானு, காப்பியை ஆற்றிக்கொண்டே.