மருதி கேட்ட நெல்லிக்காய்

பணக்காரர்கள் காசு கட்டி மான் சுட வரும் அந்த வேட்டைப் பண்ணையில் மானுக்கு என்ன தின்ன ஆசை என்பதைக் அதன் கழுத்தில் மாட்டிய மின்னணுப் பட்டையே சொல்லிவிடும். ஐப்பசி மழை விழுந்ததும் மான்கள் மக்காச்சோளத் தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, நெல்லிக்காய்தான் வேண்டுமென்றன. இறைச்சி ருசியாக இருக்க வேண்டுமே, கேட்டது உடனே ட்ரோனில் பறந்து வந்தது.

நெல்லி பொறுக்கும் மருதி நிறைமாதக் கர்ப்பிணி. அவளுக்கும் நெல்லிக்காய் ஆசைதான். ஆனால் மான் தீவனத்தில் ஒன்றை வாயில் போட்டாலும் வேலை போய்விடும். விடுப்பு கேட்டதற்கு மேலாளர் சிரித்தார்.

செத்துப்போன மானின் பட்டையைக் கணவன் வெள்ளிங்கிரி கொண்டுவந்து அவள் கழுத்தில் மாட்டினான். "ரெண்டு காய் வந்தாப் போதும் புள்ள."

கூடை நிறைய வந்தது. கூடவே பட்டை அறிவித்தது: "சினை மான். குட்டி ஈனும்வரை முழு ஓய்வு."

காலையில் மேலாளர் குடிசை வாசலில் கத்தினார். "வேலைக்கு வரலையா?"

"சினை மானை மிரட்டாதீர்கள். புகார் பதிவாகிறது," என்றது பட்டை.

அவர் குரல் இறங்கியது. "அதைக் கழட்டிரும்மா."

மருதி இன்னொரு காயைக் கடித்தாள். "கழட்டுனா நான் மனுசியாயிருவனுங்களே, சார்."