தெளியாத தண்ணீர்

“எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டாரு இந்த பாய்!”

சேற்றுக் கூடையைத் தொப்பென்று இறக்கிவிட்டுக் கத்தினாள் கொளஞ்சியம்மாள்.

மேல்பட்டாம்பாக்கத்தில் அந்தக் கைலிச் சாயப்பட்டறை தொடங்கி இரண்டு வருஷமாகிறது. நூல் அலசுவதுதான் அவளுக்குச் சொன்ன வேலை. ஆனால் பெண்டை நிமிர்த்தினார் சாய மாஸ்டர் அபுல் ஹசன் பாய்.

நூலை முக்கியெடுத்த கறுப்புச் சாயத்தைக் கொட்டவே விடமாட்டார். அதிலேயே கொஞ்சம் மருந்து சேர்த்து மறுபடி முக்கச் சொல்வார். அலசின தண்ணீரையும் தொட்டியில் கட்டி, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றச் சொல்வார். அடியில் தங்கும் சேற்றை ஆட்கள் அள்ளி, தூரத்து மேட்டுக் குழியில் கொட்டவேண்டும். கை வெந்து தோல் உரிந்தது.

“பக்கத்துலயே வாய்க்கா போவுது. தொறந்து வுட்டா ஓடுற தண்ணியில எல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிடாதா பாய்?”

“தெளியட்டும்மா.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

“மொதலாளிக்கு மிச்சம் புடிச்சிக் குடுத்து நல்ல பேரு வாங்குறாருக்கா. நம்ம உசுரு போவுது” என்றான் கூட வேலை செய்யும் உத்திராபதி.

அன்றைக்கு முதலாளி ஞானசேகரன் மஞ்சக்குப்பத்திலிருந்து காரில் வந்து இறங்கியதும், கொளஞ்சியம்மாளே போய் நின்றாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

“இதப் பாருங்க மொதலாளி. நூல் அலச வந்தவள சேறு அள்ள வுட்டா எப்புடி? ஒங்களுக்கு மிச்சம் பண்றேன்னு எங்களக் கொல்றாரு.”

முதலாளி பாயைக் கூப்பிட்டார்.

“ஆளுங்களே ஒன்ன வேணாங்கறாங்க. இன்னியோட நின்னுக்க.”

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி முறைத்தார். பாய் கொளஞ்சியம்மாளின் கைகளைப் பார்த்தார்.

“மன்னிச்சிக்கம்மா” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“இனிமே சேறும் வேணாம், சுண்ணாம்பும் வேணாம். தொட்டியத் தொறந்து வுடு கொளஞ்சி!” என்றார் முதலாளி.

மடைப்பலகையை அவளே பிடுங்கினாள். கறுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தது. ஆட்கள் கைதட்டினார்கள்.

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறினார். டிரைவரிடம் சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்தது.

“எனக்கா மிச்சம் புடிச்சான்? சுண்ணாம்பே அவன் கைக்காசு. ‘இது விஷம், கீழத்தெரு ஜனங்க குடிக்கிற வாய்க்கா’ன்னு தெனம் என்கிட்ட மல்லுக்கு நிப்பான். ‘ஆளுங்ககிட்ட மூச்சு வுட்டா பட்டறைய மூடிடுவேன், அவுங்க பொழப்புல மண்ணு’ன்னு சொன்னப்புறந்தான் வாய மூடுனான். கீழத்தெருவுல எவன் எதக் குடிச்சா எனக்கென்னா?”

கொளஞ்சியம்மாள் மடையைத் திரும்பிப் பார்த்தாள். கீழத்தெருவில்தான் அவள் வீடு. மகள் பட்டம்மாள் குடத்தோடு வாய்க்காலில் இறங்கும் நேரம்.

பலகையைத் திரும்பவும் செருகிப் பார்த்தாள். தண்ணீர் வேகத்தில் அது உட்காரவில்லை. முட்டிப் பார்த்தாள், பலகை கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போனது.

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கரையோடு ஓடினாள்.

“பட்டு! கொடத்த முக்காதடீ! பட்டூ!”

தண்ணீர் அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.