மூன்றாம் தீவு

"அந்த போட்டு கதைய மட்டும் எடுத்துடாத வேம்பு. வந்தவங்க போறவரைக்கும் வாயத் தொறக்காத, இன்னா?"

சமையலறையில் கலர் பாட்டில்களைத் திறந்துகொண்டே கோவிந்தராஜ் கெஞ்சினான். வேம்புலியம்மாள் டம்ளர்களைத் துடைத்து வரிசையாக வைத்தாள்.

"ஏன், அன்னிக்கு போட்டுக்காரரோட சேந்து நீ ஊத்திகினத சொல்லிடுவேன்னு பயமா?"

"சரி, அப்டியே வச்சிக்க. ஊடு வாங்க வந்தவுரு நெத்தியப் பாத்தியா? நாமம். தங்கமான மனுசன். பேச்சு முடியற நேரத்துல கெடுத்துடாத."

இந்த வீட்டை விற்பதிலேயே அவளுக்கு இஷ்டமில்லை. அவனுக்கோ அம்பத்தூரில், கம்பெனிக்குப் பக்கத்தில் குடியேறியே தீர வேண்டும். ஒரு மாதமாக வீட்டில் இதே பாட்டுதான். "இந்த ஊட்ல அப்டி இன்னாதான் கீது?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். காரணம் சொல்லத் தெரியாதவள் வழக்கில் ஜெயிக்க முடியுமா? அவன் ஜெயித்துவிட்டான்.

கூடத்தில் ஜன்னலோரமாக வீரராகவனும் அவர் மனைவி சுசீலாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போக ஆசை. கோவில்பதாகையில் இருக்கும் இந்த வீடு பார்த்தவுடனே பிடித்துவிட்டது. முக்காலியில் வெற்றிலைத் தட்டு தயாராக இருந்தது. தட்டை மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது.

"சுவரெல்லாம் பளிச்சுனு இருக்கு" என்றார் வீரராகவன்.

"நேத்துதான் சார் வெள்ளையடிச்சேன். ரெண்டு கோட்டு."

"கிணத்துல தண்ணி எப்படி?"

"தண்ணிக்கு கொறையே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு கோவிந்தராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

வேம்பு கலரைக் கொடுத்தாள். சுசீலா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"இதைக் குடிச்சா அந்தமான் ஞாபகம் வருது. போன மாசம் எல்.டி.சி. லீவுல போயிட்டு வந்தோம். ஒரே நாள்ல மூணு தீவு. போட்டுலயே கூட்டிட்டுப் போறாங்க. முகத்துல கண்ணாடி, வாயில குழாய். தண்ணிக்குள்ள குனிஞ்சா கலர் கலரா மீன். நடுநடுவுல ஜூஸ், இளநீர், ஆம்பளைங்களுக்கு பீரு. இவர் தொடல. நீங்கல்லாம் எங்கயும் போனதில்ல, இல்ல?"

கடைசிக் கேள்வி வேம்புவுக்குச் சுருக்கென்றது.

"போயிருக்கோம்க்கா."

கோவிந்தராஜுக்கு இருமல் வந்தது.

"நாங்களும் மூணு தீவுதான். எட்டு வருசமாச்சு. கல்யாணமாயி அப்ப ஒரு மாசம். மாமியா ஊட்ல பதினோரு பேரு. இவுரு மொகத்தக்கூட நான் நல்லா பாத்ததில்ல. அன்னிக்கு எண்ணூர்லருந்து ஒரு போட்டுக்காரரு வந்தாரு. மத்தவங்க எல்லாம் முன்னாடியே பூட்டாங்க. கடசியா நாங்க ரெண்டு பேரும் ஏறினோம்."

"ஹனிமூன்னு சொல்லுங்க."

"அப்டித்தான் வச்சிக்கங்களேன்." வேம்புவின் முகம் சிவந்தது. "மொத தீவுல ஒரே கூட்டம். சுடச்சுட சாம்பார் சாதம் குட்த்தாங்க. ரெண்டாவதுல அம்மன் கீது, கும்ட்டுகினோம். மூணாவதுலதான் ஒர்த்தரும் இல்ல. தென்ன மரம் கைக்கு எட்ற ஒசரத்துல. இவுரே எளநி பறிச்சுக் குட்த்தாரு. பொழுது சாயற வரிக்கும் பேசிகினே இருந்தோம். அன்னிக்குதாங்க்கா இவுரு யாருன்னே எனக்குத் தெரிஞ்சுது."

"தண்ணிக்குள்ள இறங்கினீங்களா?"

"இவுரு எறங்கினாரு. கம்பெனில வேலைக்கு மாட்ற கண்ணாடிய மாட்டிகினு, பப்பாளி காம்ப வாயில வச்சிகினு. காலண்ட கெளுத்தி ஓடுதுன்னு ஒரே கத்தல். குளுருக்கு ரெண்டு மொடக்கு வேற உட்டுகினு இருந்தாரா, பயமே இல்ல."

"வேம்பு..." என்றான் கோவிந்தராஜ் பரிதாபமாக.

"மூழ்கி மூழ்கி எனக்காக எட்த்தாந்தாரு, தோ." புடவையைச் சற்றே தூக்கிக் கொலுசைக் காட்டினாள். "அன்னியிலருந்து கழட்டல."

சுசீலா அந்தக் கொலுசையே பார்த்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "மூணு தீவு சுத்தியும் நீங்க ஒரு சிப்பிகூட எடுத்துத் தரல."

வீரராகவனுக்குக் கூச்சமாகிவிட்டது. பேச்சை மாற்ற அவருக்கு ஒரு வழிதான் தெரிந்தது. "நல்ல நேரம் முடியறதுக்குள்ள தட்டை மாத்திக்கலாமா?"

கோவிந்தராஜ் முந்திக்கொண்டு இரண்டு கையாலும் தட்டைத் தூக்கினான்.

"இருங்க" என்றாள் சுசீலா. "அது எந்த ஊர் கடல்னு சொல்லுங்க. அடுத்த லீவுக்கு இவரை அங்க கூட்டிட்டுப் போகணும்."

தட்டுடன் நின்றபடி கோவிந்தராஜ் லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. வேம்பு அவனைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அது ஒன்றுதான். அதைப் பொய் சொல்லி எங்கேயோ ஒரு கடலுக்கு அனுப்ப மனசு வரவில்லை.

"கடல் இல்லக்கா, எண்பத்தஞ்சுல அடிச்ச மழை. மொத தீவு ரேஷன் கடை மாடி, ரெண்டாவது அம்மன் கோயில் மேடு, மூணாவது, சாமான் எடுக்கத் திரும்பி வந்த இந்த ஊட்டு மொட்ட மாடி. இந்தக் கூடத்துல முழுவிக் கெடந்த பொட்டியிலருந்துதான் கொலுச எட்த்தாந்தாரு" என்றாள் வேம்பு. "போட்டக் கட்டி வச்சது, தோ, சார் தலைக்கு மேல தெரியுதே, அந்த ஜன்னல் கம்பியிலதான்."