மூன்றாவது ஆள்

"மூண்டாவது ஆளோ?" வாமதேவன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்த வேகத்தில் பாதி மேசையில் சிந்தியது. "கிளப்பிலை உங்களுக்கு முன்னாலை இன்னும் ரெண்டு பேர் நிக்கினமோ, தம்பி?"

"ஓம் அங்கிள்" என்றான் பிருந்தாபன்.

பாரிஸ் லா சப்பலில் வாமதேவனின் சாப்பாட்டுக்கடை. மத்தியானக் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. ஒரே மகள் சுபாங்கிக்கு மாப்பிள்ளை தேடும் படலம். தாய் தகப்பன் பிறகு வரட்டும், முதலில் பெடியன் தனியாக வந்து கதைக்கட்டும் என்று தரகர் மடுத்தீனிடம் அவர்தான் சொல்லியிருந்தார். கதவைத் திறந்து வந்தவனிடம், "ரக்பி விளையாடுற பிள்ளைதானே?" என்று கேட்டார். அவன் "ஓம்" என்றான். உடனே உட்காரவைத்து உளுந்து வடையும் வைத்தாயிற்று.

"மடுத்தீன் முதல் ஆள் எண்டெல்லோ சொன்னவன்! மூண்டு வருஷ ஒப்பந்தம் எண்டும் சொன்னவன். உங்களுக்கு எத்தினை வருஷம்?"

"ஒரு வருஷம், அங்கிள். முடிய முடியப் புதுப்பிப்பினம். பகலிலை எலெக்ட்ரீசியன் வேலை செய்யிறன்."

"கேட்டியே கோசலை? அந்தப் புளுகன் இந்தப் பக்கம் வரட்டும், காதைத் திருகிவிடுறன்!"

"அவன் எதைத்தான் ஒழுங்காச் சொன்னவன்?" என்றாள் மனைவி கோசலை. "படம் எண்டு ஒண்டு காட்டினான். பதின்மூண்டு பேரும் சேத்துக்கை முழுகி எழும்பினமாதிரி நிக்கினம். ஆர் மாப்பிள்ளை எண்டு ஆருக்குத் தெரியும்? முகம் நல்ல முகம்தான், விடுங்கோ."

"முகத்தை வைச்சு என்ன செய்யிறது? விளையாடாமல் வாங்கிலை குந்தியிருக்கிறவனுக்கு என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது?"

பிருந்தாபன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தான். இந்த மேசையை விட்டு வெறுங்கையோடு எழும்பினால் இனியொரு வாய்ப்புக் கிடைக்காது. கல்லாவுக்குப் பின்னால் சுபாங்கி துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், ஒண்டு சொல்லட்டோ? எல்லாரையும் மூண்டு வருஷத்துக்கு எழுதினா எந்தக் கிளப்பும் தாங்காது. கொஞ்சப் பேரை நீண்ட காலத்துக்கு எடுப்பினம். மிச்சப் பேரை வருஷம் வருஷமா எடுப்பினம். ஆனா ஒவ்வொரு இடத்துக்கும் பின்னாலை ரெண்டு பேராவது இருக்கோணும். இது ஆள் முறியிற விளையாட்டு."

"அப்ப முதல் ஆள் முறியுமட்டும் நீங்கள் தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறதோ?"

"இல்லை அங்கிள். முதல் ஆளுக்குத் தன்ர வேலை மட்டும் தெரிஞ்சாக் காணும். எனக்கு எல்லாற்ர வேலையும் தெரியோணும். போன வருஷம் அவனுக்குத் தோள் விலகிச்சு. ரெண்டாவது ஆள் ஒப்பந்தம் முடிஞ்ச கையோடை வேறை கிளப்புக்குப் போட்டான். மிச்ச ஆட்டம் எல்லாம் நான்தான்."

"பிறகேன் இன்னும் மூண்டாவது?"

"அவன் சுகமாகி வந்திட்டான். ரெண்டாவது இடத்துக்கும் புது ஆள் எடுத்திட்டினம்."

"கோவம் வரேல்லையோ?"

"வந்தது. ரெண்டு நாள் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஆனா நானே பயிற்சியாளரா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பன், அங்கிள்."

வாமதேவன் உதட்டைப் பிதுக்கினார். "நல்ல பிள்ளைதான். எண்டாலும், மூண்டாவது ஆள்..."

கோசலைக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சாருங்கோ, நீங்கள் மட்டும் என்ன முதல் ஆளோ? எனக்கு முதல் பேசினது அரசாங்கக் கச்சேரியிலை கிளாக்கர் வேலை செய்த பெடியனை. அவன் கனடாவுக்குப் போட்டான். பிறகு ஒரு வாத்தியார். அவற்ர தாய்க்கு என்ர உயரம் பிடிக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவை!"

வாமதேவன் மனைவியின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு காலமா ஏன் சொல்லேல்லை?"

"நல்லா விளையாடிக்கொண்டிருக்கிற ஆளிட்டை அதை ஏன் சொல்லுவான்?"

சுபாங்கி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முறைக்கப் பார்த்த வாமதேவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சரி, எனக்குப் பெடியனைப் பிடிச்சிட்டுது. உனக்கு எப்பிடிப் பிள்ளை?"

"சே போன் அப்பா, நல்லம். உங்களுக்குச் சரியெண்டா எனக்கும் சரி."

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசும் மகள் இப்படிச் சட்டென்று தலையாட்டியதில் கோசலைக்குச் சின்ன ஆச்சரியம்.

வாமதேவன் எழுந்து பிருந்தாபனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனி நீங்கள்தான் என்ர மருமகன். வாமதேவன் சொன்ன சொல்லு மாறமாட்டான். லா சப்பலிலை ஆரையும் கேட்டுப் பாருங்கோ!"

பிருந்தாபன் சந்தோஷத்தோடு கல்லாப் பக்கம் திரும்பிச் சுபாங்கியைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கதவு திறந்தது. அகன்ற தோள்களோடு, கையில் கேக் பெட்டியோடு ஒருவன் உள்ளே வந்தான்.

"வணக்கம் அங்கிள், நான் மதுஷன். மடுத்தீன் அண்ணை சொன்ன மாப்பிள்ளை. முந்தியே வந்திருப்பன், உங்கட மகள்தான் ஃபோன் எடுத்து ஒரு மணித்தியாலம் பிந்தி வரச் சொன்னவ."