படிக்கத் தெரிந்தவள்

பால்ராஜின் லாரியில் போலீஸ்காரர் எடுத்த கன்னடத் தாளை மாஜிஸ்திரேட் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. பக்கத்து மாநிலத்தில் ஏற்கெனவே இதே குற்றத்துக்குத் தண்டனை வாங்கியிருந்தால் இந்த முறை ஜெயில்தான்.

"அது வேகமா போனதுக்குப் போட்ட கேஸுங்கய்யா," என்றார் பால்ராஜின் வக்கீல்.

"இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

கடைசி பெஞ்சிலிருந்து கௌரம்மா எழுந்தாள். அவள் பிறந்தது மைசூர்ப் பக்கம்.

"நீ யாரும்மா?"

"அவர் சம்சாரங்கய்யா."

கூண்டில் நின்ற பால்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாஜிஸ்திரேட் சற்றுத் தயங்கிவிட்டு, "உள்ளதை உள்ளபடி படிக்கணும்," என்று தாளைக் கொடுத்தார்.

அவன் கவிழ்த்த லாரியில் முறிந்து, அதன்பின் மடங்காமலே போன இடது கையில் தாளைப் பிடித்துக்கொண்டு அவள் நிதானமாகத் தமிழில் சொன்னாள்: "குடிச்சிட்டு லாரி ஓட்டுன குத்தத்துக்காக, பால்ராஜ் என்பவருக்கு..."

முடித்ததும் அவள் உட்காரவில்லை. பையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தாள்.

"இது தெலுங்குங்கய்யா. எனக்குத் தெரியாது. படிக்க ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."