கப்பல் எந்த நாட்டுது?

“கப்பல் வேலை கிடைக்கல லிசா” என்றபடி டென்சில் செருப்பைக் கழற்றினான்.

“இன்டர்வியூல என்ன கேட்டாங்க?”

“ப்ளூ ஹெரான் எந்த நாட்டுக் கம்பெனின்னு கேட்டான். நீ சொல்லித் தந்த மாதிரி நார்வேன்னேன். கப்பல் எங்கெல்லாம் போகும்னான். ஸ்வீடன், டென்மார்க்னேன். எல்லாம் தப்பாம். எங்க கம்பெனியப் பத்தியே தெரியல, கிளம்புன்னுட்டான்.”

லிசா திரும்பி நின்று அடுப்பைப் பற்றவைத்தாள். தாராவியில் தோல் பை தைக்கும் டென்சிலுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஒரு வாரமாக அவள்தான் மொபைலைப் பார்த்துப் படித்துக் காட்டினாள். மொபைலில் கிரீஸ் என்றுதான் இருந்தது. ஒன்பது மாதம் அவன் கடலில் இருப்பான் என்று நினைத்ததும், அவள் வாயில் நார்வே என்று வந்துவிட்டது.

“அழாதட்டி. உன் மேல என்ன தப்பு?” என்றான் டென்சில்.

அதற்குத்தான் அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

எதிர்வீட்டு வேல்ராஜ் பேடா டப்பாவோடு வந்தான்.

“அக்கா, எனக்குக் கப்பல் வேலை கிடைச்சிட்டு! எல்லாம் அண்ணன் இன்டர்வியூ லைன்ல நிக்கும்போது சொல்லித் தந்ததுதான். கம்பெனி கிரீஸு, கப்பல் போறது இத்தாலி, துருக்கி. வொர்க்‌ஷாப் சேட்டுகிட்ட முன்னாடியே கேட்டு வச்சிருந்தாராம். நார்வேன்னு மட்டும் சொல்லிராதலேன்னாரு.”

வேல்ராஜ் போனபிறகும் லிசா தலையை நிமிர்த்தவில்லை.

டென்சில் ஒரு பேடாவைப் பிட்டுப் பாதியை அவள் கையில் வைத்தான்.

“போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் அந்த லைன்லயே நின்னுருக்க மாட்டேம்லா.”